அப்பா ஒட்டிய பிளாஸ்திரி

— பிளாஸ்திரியைப் பிச்சிடாதே அக்கா! கையை எடு, கையை எடு!

— கத்தாதேடா, சாவு வீட்டுல. பிசுபிசுன்னு பழுப்பேறிக் கிடக்கு. இதை எடுத்தாத்தானே உன் கேமரா தலையில உட்காரும்?

— உட்காரக் கூடாதுன்னுதான் ஒட்டியிருக்கு. இப்படிக் குடு. ஒரு நிமிஷம், மெதுவா... மார்க்கெட்ல நீ மீன் வெட்டுற கத்தியை நான் தொட்டா சும்மா இருப்பியா?

— கத்திக்கு நான் பிளாஸ்திரி போட மாட்டேன் செல்சோ, என் விரலுக்குத்தான் போடுவேன். இங்க பாரு, வண்டி வந்து வாசல்ல நின்னாச்சு. டிரைவர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டான். பேண்டு செட் ஆளுங்க காப்பிப் பானையைக் காலி பண்ணிட்டு இன்னொரு பானை கேக்கறாங்க. பத்து மணிக்குப் பூசை. ஃபாதர் காத்திருக்க மாட்டார், சொல்லிட்டேன். அந்த ஃப்ளாஷை மாட்டி ஒரு தட்டு தட்டு, பெட்டியை மூடிக் கிளம்பலாம்.

— மாட்டினா கேமரா செத்துடும்.

— வாயைக் கழுவு. இந்த வீட்டுல ஒரு சாவு போதும்.

— சரி, கேமரா கண்ணை மூடிடும், போதுமா? ஃப்ளாஷோட அடியில இந்தப் பொட்டு இருக்கு பாரு, பிளாஸ்திரிக்குக் கீழே. இதுல இருநூத்தி அறுபது வோல்ட்டு நிக்குது. ஜீப்னி வண்டி ஷெட்டுல மீட்டரை இரவல் வாங்கி நானே அளந்தேன். அந்தக் காலத்து கேமராவுக்கு அது ஒண்ணுமே இல்லை. உள்ளே ரெண்டு தகடு ஒட்டி விலகும், அவ்வளவுதான். இப்போ வர்றதுக்கெல்லாம் கொசு மூளை. அஞ்சாறு வோல்ட்டு தாண்டினா பொசுங்கிடும்.

— ஃபினோ அண்ணன் கேமரா பொசுங்கின மாதிரி.

— அந்தப் பேச்சை இப்போ எடுக்காதே.

— நான் எங்கேடா எடுத்தேன்? இந்தச் சனியனை எடுத்தாலே அந்தப் பேச்சும் வாலைப் பிடிச்சிட்டு வருது. குடும்பத்தை ரெண்டாப் பிளந்தது இது. இதை ஏன் இங்கே கொண்டு வந்தே? உன் சொந்த ஃப்ளாஷ் என்னாச்சு?

— போன மாசம் தாகைதாய்ல ஒரு கல்யாணம். பொண்ணோட அண்ணன் ஷாம்பேனைக் குலுக்கித் திறந்தான். பாதி என் ஃப்ளாஷுக்குள்ள போச்சு.

— அதுக்குக் குடிக்கக் குடுத்துவெச்சிருக்கு. சரி, கேமரா மேலேயே ஒரு குட்டி விளக்கு எழுந்து நிக்குமே, அதை வெச்சு எடு.

— எடுத்தேன். இதோ பாரு. அப்பா முகம் எங்கே இருக்கு, சொல்லு.

— இதென்ன, முகத்துல சூரியன் உதிச்சிருக்கு?

— பெட்டி மேல கண்ணாடி இருக்கில்ல? நேரா நின்னு வெளிச்சம் அடிச்சா கண்ணாடி அப்படியே திருப்பி அடிக்குது. முகம் போயிடுது. வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரணும். அதான் இந்தக் கிழவனை, இந்த ஃப்ளாஷைத்தான், அங்கே மலர் வளையத்துக்கு நடுவுல வெக்கறேன். கேமராவோட தொடர்பே கிடையாது. ஒயரும் கிடையாது.

— தொடர்பு இல்லாம எப்படி எரியும்? ஜெபம் பண்ணியா?

— இந்தா, இந்தக் குட்டி உருண்டையைப் பாரு. கியாப்போ கடைத்தெருவுல வாங்கினேன். இது ஒரு கண்ணு. வேற எந்த ஃப்ளாஷ் எரிஞ்சாலும் அந்த நொடியிலேயே பார்த்துடும், பார்த்ததும் கிழவனை எழுப்பிடும். நான் என் குட்டி விளக்கைக் கையால மறைச்சு, சுவர்ப்பக்கம் லேசா மினுக்கினாப் போதும். இது பார்த்துட்டு மூலையில இருந்து பளீர்னு வெடிக்கும். அப்பா முகம் கண்ணாடிக்குள்ள அப்படியே தெரியும்.

— இவ்வளவு பாடு எதுக்குடா? எல்லாரும்தான் பார்த்தாச்சு அப்பாவை.

— எல்லாரும் பார்த்தாச்சா? அம்மா கேட்டது ஒரே ஒரு படம். குடும்பம் மொத்தமும் பெட்டியைச் சுத்தி நிக்கணும், அப்பா முகம் தெளிவா தெரியணும். ஃபினோ அண்ணனுக்கு அனுப்ப. நடுக்கடல்ல இருக்கறவனுக்கு வேற என்ன கிடைக்கும்? கண்ணாடியில வெள்ளைப் பொட்டு விழுந்த படத்தை அனுப்பி, இதுதான் அப்பான்னு சொல்லவா?

— அவனுக்கு அக்கறை இருந்தா கப்பலை விட்டுட்டுப் பறந்து வந்திருப்பான். ஒரு வாரமாப் பெட்டி இருக்கு. சவூதியில இருந்து டோமாஸ் மாமா வந்துட்டார், இவனுக்கு வர வழி இல்லையாமா? மெர்லி அண்ணி ரெண்டு வரி மெசேஜ் அனுப்பறா: கப்பல் கடல்ல இருக்கு, சிக்னல் இல்லை. என் மீன்கூட இதைவிட நல்லாப் பொய் சொல்லும்.

— அண்ணி பொய் சொல்ற ஆள் இல்லை.

— சரி, உண்மையாவே இருக்கட்டும். சிக்னல் கிடைச்சாலும் வந்திருப்பானா? மாதா கோயில் வாசல்ல, ஊரே பார்க்க, சிலுவையைத் தொட்டு அவன் சொன்னதை நீ மறந்துட்டே, நான் மறக்கலை. 'நீ பெட்டியில படுத்தாலும் உன் வாசல்படி தாண்டி உள்ளே வர மாட்டேன்'னு சொன்னான். பெத்த தகப்பனைப் பார்த்து!

— அப்பா அவன் கன்னத்துல அறைஞ்சதையும் சேர்த்துச் சொல்லு. அவன் கல்யாணத்தன்னைக்கு. மாப்பிள்ளைக் கோலத்துல.

— ஏன் அறைஞ்சார்? 'மெர்லியைப் பிடிக்காமத்தான் வேணும்னே என் கேமராவை எரிச்சே'ன்னு கத்தினான். யாருக்குத்தான் பொறுக்கும்?

— மெர்லி அண்ணி ஏற்கெனவே ஒரு பிள்ளையோட வந்தவங்க. அப்பாவுக்குப் பிடிக்கலைதானே? அதையும் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்தானே?

— பிடிக்காட்டியும் கோயிலுக்கு வந்தார்டா! பழைய கோட்டு போட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சு, இந்த ஃப்ளாஷைத் துடைச்சு எடுத்துட்டு வந்தார். 'உன் புதுக் கேமராவுல இருக்கற விளக்கு கோழிக்குஞ்சுக்குத்தான் போதும், கல்யாணத்துக்குப் போதாது'ன்னு சிரிச்சுக்கிட்டே இதைத் தூக்கி அதும் மேல மாட்டினார். நான் பக்கத்துலதான் நின்னேன். மோதிரம் மாத்தற நேரம். ஒரு அமுக்கு. டப்புனு ஒரு சத்தம். அவ்வளவுதான். கேமராவுக்கு உயிரே இல்லை.

— அவருக்குத் தெரியாது அக்கா.

— எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதுன்னு.

— மீட்டர் வெச்சு அளந்ததை நான் சொன்னதும் அப்பா பிளாஸ்திரி கொண்டு வரச் சொன்னார். சவரம் பண்ணும்போது வெட்டுப்பட்டா ஒட்டுவாரே, அதே டப்பா. ரெண்டு சுத்து சுத்தினார். 'இனிமே இது யார் பிள்ளையோட கேமராவையும் கொல்லக் கூடாது'ன்னார். இதைப் படம் பிடிச்சு அண்ணனுக்கு அனுப்பினேன். என்ன பதில் வந்துது தெரியுமா? 'மெஷின் மேல பழி போடறது சுலபம்'னு.

— திமிர். அப்பன் திமிர் அப்படியே பிள்ளைக்கு.

— ஆஸ்பத்திரியில கடைசியா என் கையைப் பிடிச்சு என்ன சொன்னார்? 'எனக்குத் தெரியாதுடா. ஃபினோகிட்ட சொல்லு, எனக்குத் தெரியாது.' எப்படிச் சொல்றது? மெசேஜ்லயா? அந்தப் படத்துல அவர் முகம் இருக்கணும் அக்கா. அதைப் பார்த்தாவது—

— ஐயோ! மாதாவே! சேசுவே!

— நான் தொடலை! நீ பார்த்தேல்ல? நான் தொடவே இல்லை!

— கண்ணு அவிஞ்சு போச்சுடா. நேரா மூஞ்சியில அடிச்சுது. நீ தொடாம எப்படித்தான் எரியுது?

— அதான் தெரியலை. பெட்டி வந்த மறுநாள்ல இருந்து இப்படித்தான். முதல் தடவை மழை நேரம், மின்னலைப் பார்த்துதான் எரியுதுன்னு நினைச்சேன். மின்னலுக்கும் இந்தக் கண்ணு ஏமாறும். நேத்து வானம் சுத்தமா இருந்துது. நேத்தும் நாலஞ்சு தடவை எரிஞ்சுது.

— உள்ளே யாராவது போன்ல படம் எடுத்திருப்பாங்க.

— போன் விளக்கெல்லாம் சோம்பேறி விளக்கு, டார்ச்சு மாதிரி மெதுவா வரும். அதை இந்தக் கண்ணு மதிக்காது. வெடிச்சுட்டு அணையற வெளிச்சம்தான் இதுக்குத் தெரியும்.

— அப்போ செப்பா அத்தை சொல்றதுதான் சரி.

— அத்தை என்ன சொல்றாங்க?

— அப்பாவுக்குக் கோபமாம். மூத்த பிள்ளை வராம பெட்டியை மூடப் பார்க்கறோமாம், அதான் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டறாராம். நேத்து ராத்திரி முழிக்கறதுக்குச் சீட்டு விளையாடிட்டு இருந்தவங்க பாதிப் பேரு இதைக் கேட்டுட்டு வாசல் கூடாரத்தை விட்டே எழுந்து போயிட்டாங்க.

— கோபம் வந்தா அப்பா கண்ணைச் சிமிட்ட மாட்டார், செருப்பைத்தான் வீசுவார். இது கண்ணோட கோளாறு. வயசாயிடுச்சு. கேக்குதா, கீய்ய்னு கத்துது? மறுபடி சார்ஜ் ஏறுது. ஆரஞ்சு விளக்கு வர்ற வரைக்கும் இதுல உயிர் கிடையாது. நான் அமுக்கற நேரம் பார்த்து இது முன்னாடியே வெடிச்சுட்டு வெறும் டப்பாவா நிக்கும். படத்துல பாதி ஆள் இருட்டா விழுவாங்க. காலையில இருந்து இதே ரோதனை.

— ஏன் இப்படிப் பொரிஞ்சு தள்றே? காப்பி குடிச்சியா இல்லையா?

— மூணு குவளை.

— அதான். அந்தக் கசப்புப் பராக்கோ காப்பி குதிரையையே தூங்க விடாது. சரி, சீக்கிரம். என்ன பண்ணணும், சொல்லு.

— முதல்ல அந்த ஜன்னல் திரையை மூடு. தெரு வெளிச்சம் கண்ணாடியில விழுது. எதிர்ப் பேக்கரிப் பலகை தலைகீழா அப்பா நெஞ்சு மேல தெரியுது.

— மூட முடியாது.

— ஏன்?

— அம்மாகிட்டப் போய்க் கேளு. பெட்டி வந்த மறுநாளே அம்மா அந்தத் திரையைக் கையால இழுத்து முடிச்சுப் போட்டுட்டாங்க. யாராவது தொட்டா கண்ணை உருட்டறாங்க. பெட்டியை வேற ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்லிட்டாங்க. 'தலை இந்தப் பக்கம்தான் இருக்கணும், இது முறை இல்லை'ன்னு அத்தை அடிச்சுக்கறாங்க. அம்மா காதுல விழணுமே!

— பூவெல்லாம் வெயில்ல வாடுதே.

— அதையும் சொன்னேன். 'ஆகட்டும்'னாங்க. இப்போ அவங்க எதுக்குத்தான் ஆகட்டும்னு சொல்லலை? பெட்டியை மூடலாமான்னா ஆகட்டும், ஆனா நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டாங்க. சாப்பிடுங்கன்னா ஆகட்டும், ஆனா தட்டை மூடி பேக்கரிக்காரி வீட்டுக்குக் குடுத்துவிடுன்னு என் கையில திணிக்கறாங்க. தினமும்! நேத்து ஆட்டுக்கறிக் குழம்பு, எலும்பில்லாததாப் பார்த்து. அந்த இன்யாங்கும் வாசலை முழுசாத் திறக்காம இடுக்கு வழியா வாங்கிக்கறா. ஒரு வார்த்தை பேசலை. நான் என்ன பிச்சையா போட வந்தேன்?

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இதை நான் ஏன் முன்னாடியே கவனிக்கலை? டோமாஸ் மாமா ஜன்னல் ஓரமா நின்னுட்டு இருந்தார்ல, சுருட்டு பிடிச்சுக்கிட்டு? அப்போ எரியவே இல்லை. அவர் நகர்ந்தார், எரிஞ்சுது.

— அப்போ மாமாவை அங்கேயே நிறுத்து. அவர் உடம்புக்கு ஜன்னல் என்ன, கதவையே மறைப்பார்.

— சிரிக்க வைக்காதே. சரி, எல்லாரையும் கூப்பிடு. இப்படியே எடுத்துப் பார்ப்போம். அம்மாவை நடுவுல, நீ இடப்பக்கம், உன் பிள்ளைங்க முன்னாடி. கண்ணாடி மேல யாரும் சாய வேண்டாம்.

— கண்ணாடி மேல கண்ணீர் விழக் கூடாது, அதையும் சொல்லிடறேன். வாங்க, வாங்க எல்லாரும்! மாமா, சுருட்டை வெளியே போடுங்க. அத்தை, சிலுவை போட்டது போதும், வந்து நில்லுங்க. அம்மா, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

— ஆகட்டும் அதேலா. நான் இப்படித்தான் உட்காருவேன்.

— அம்மா, நீங்க கேமராவைப் பார்க்கணும். ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தா படத்துல காது மட்டும்தான் வரும்.

— என் காதைப் பார்த்து யாரு என்ன பண்ணப் போறா செல்சோ? நீ எடு.

— என்னைப் பாருங்க எல்லாரும். ஆரஞ்சு விளக்கு வந்தாச்சு. ஒண்ணு சொல்வேன், ரெண்டு சொல்வேன்—

— மாதாவே! மறுபடியும்!

— நான் அமுக்கலை! ரெண்டுகூடச் சொல்லலை!

— அத்தை மயங்கிடப் போறாங்க, பிடிங்க! செல்சோ, அந்தச் சனியனைத் தூக்கி வெளியே எறி. அப்பனையும் பிள்ளையையும் பிரிச்சது போதாதா? இப்போ அவரை நிம்மதியா அனுப்பவும் விட மாட்டேங்குது. குடு, நான் எறியறேன்.

— வேண்டாம் அக்கா! நில்லு. ஒரு சோதனை, ஒரே ஒரு சோதனை. யாரும் அசைய வேண்டாம். பாரு, கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பறேன்.

— திருப்பிட்டே. அப்புறம்?

— பொறு. எரியலை.

— எரியலை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான், கேக்குதா?

— அடிக்கட்டும். இப்போ கதவுப்பக்கம். எரியலை. இப்போ ஜன்னல்பக்கம். பொறு...

— எரிஞ்சுது!

— மறுபடி திருப்பறேன். சுவர்... ஒண்ணுமில்லை. சார்ஜ் ஏறட்டும். ஜன்னல்... இதோ!

— எரிஞ்சுது! அதுக்கு என்னடா அர்த்தம்?

— இதுல கோளாறே இல்லை அக்கா. ஒரு வாரமா நான்தான் முட்டாள் மாதிரி இதையே நோண்டிட்டு இருந்திருக்கேன். இது சரியாத்தான் வேலை செய்யுது. யாரோ வெளிச்சம் அடிக்கிறாங்க, அதைப் பார்த்துட்டு இது பதில் சொல்லுது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ படம் எடுக்கறாங்க.

— யாரு? பேண்டு செட்காரனா?

— தெருவுல இருந்து இல்லை. இந்தக் கண்ணு மேலே பார்த்து நிக்குது. இப்படி வா, திரைக்குப் பின்னால நில்லு. பேக்கரி மாடி. மாவு மூட்டை போடற அறை. பலகை ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கு.

— இருட்டாத்தான் இருக்கு.

— பார்த்துட்டே இரு. டோமாஸ் மாமா, கொஞ்சம் நகருங்க, பெட்டியை மறைக்காதீங்க. அவ்வளவுதான். இப்போ பாரு அக்கா.

— அட, குட்டியா ஒண்ணு மினுக்குச்சு!

— மினுக்குச்சா? தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு ஃப்ளாஷ் போட்டு எடுக்கறவன் உலகத்துலேயே ஒரு முட்டாளாத்தான் இருப்பான். அந்த வெளிச்சம் இங்கே வர்றதுக்குள்ள செத்துடும், அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கேமராவை ஆட்டோ மோடுல வெச்சிருக்கான். இருட்டா இருந்தா அது தானா விளக்கைத் தூக்கிடும். அதை எப்படி அணைக்கறதுன்னு அவனுக்குத் தெரியாது.

— செல்சோ.

— என்ன?

— படம் எடுக்கும்போது நாக்கைக் கடிக்கறான்டா. ஒரு பக்கமா இடுப்பைச் சாய்ச்சு நிக்கறான். தொப்பி போட்டா எனக்குத் தெரியாதா? அவன் முதுகுல உட்கார்ந்துதான்டா நான் பள்ளிக்கூடம் போனேன். நடுக்கடலாம் நடுக்கடல்! விடு என்னை. போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். ஒரு வாரமாத் திருடன் மாதிரி மாவு மூட்டைக்கு நடுவுல... ஃபினோ அண்ணா!

— கூப்பிடாதே அதேலா.

— அம்மா, அது அண்ணன்மா! உங்க பிள்ளை! எதிர் மாடியில நிக்கறான்!

— தெரியும். உட்காரு.

— தெரியுமா? எப்போ இருந்து?

— பெட்டி வந்த மறுநாள்ல இருந்து. உன் தம்பியோட விளக்கு முதல் தடவை தானா எரிஞ்சுதே, அப்போ நீங்க எல்லாரும் விளக்கைப் பார்த்தீங்க. செப்பா சிலுவை போட்டா. நான் அது பார்த்த பக்கம் பார்த்தேன்.

— அம்மா! அப்போ அந்தத் திரை...

— பின்னே, பூ வாடணும்னா முடிச்சுப் போட்டேன்?

— பெட்டியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பினது?

— அவனுக்கு முகம் தெரிய வேண்டாமா செல்சோ? அங்கே இருந்து நெத்தியும் மூக்கும் தெரியுமாம். இன்யாங் சொன்னா.

— அந்த ஆட்டுக்கறிக் குழம்பு... அம்மா, நான் என் கையாலேயே அவனுக்குச் சோறு கொண்டு போயிருக்கேன்! மீன் விக்கறவ கண்ணுல எதுவும் தப்பாதுன்னு பெருமை அடிச்சுப்பேன். அந்த இன்யாங் எனக்குப் பட்டை நாமம் போட்டுட்டாளே!

— அவ நல்லவ. நான்தான் சொல்லாதேன்னேன். சொன்னா நீ காதைப் பிடிச்சு இழுக்கப் போவேன்னு தெரியாதா? நீ இழுத்தா அவன் ஓடிடுவான். அவன் உங்கப்பா பிள்ளை. பொய் சொல்லத் தெரியும், சத்தியத்தை மீறத் தெரியாது.

— அம்மா, ஒரு தடவை உள்ளே வந்து அப்பா நெத்தியைத் தொட்டுட்டுப் போகட்டும்னு ஃபாதரே சொல்லிப் பார்த்தா? கோபத்துல செஞ்ச சத்தியத்தை ஆண்டவர் கணக்குல எடுத்துக்க மாட்டார்.

— ஆண்டவர் எடுத்துக்க மாட்டார் செல்சோ. ஊரு எடுத்துக்கும். வெளியே கூடாரத்துல உட்கார்ந்திருக்கே ஒரு கூட்டம், அன்னைக்குக் கோயில் வாசல்ல நின்னு கேட்ட அதே கூட்டம்தான். அவங்க முன்னாடி அவனைத் தலைகுனிஞ்சு வாசல்படி ஏற வைக்கட்டுமா? உங்கப்பாவே அதைக் கேக்க மாட்டார். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

— 'எனக்குத் தெரியாதுன்னு ஃபினோகிட்ட சொல்லு.'

— என்கிட்டயும் சொன்னார். ராத்திரியெல்லாம் சொன்னார். அந்த விளக்கை இப்படிக் கொண்டா.

— இந்தாங்க. சூடா இருக்கும், பார்த்து.

— அதோட அடிப்பக்கத்தைத் திருப்பு. இந்தப் பிளாஸ்திரியை அவன் போன்லதானே பார்த்தான்? கையில வாங்கிப் பார்க்கணும். இதுல உங்கப்பா நகம் பதிஞ்சிருக்கு. இங்க, இந்த ஓரத்துல. பார்த்தியா? வேணும்னே எரிச்சவன் இப்படி அழுத்தி ஒட்டுவானா?

— அம்மா, அழாதீங்க. கண்ணாடி மேல விழுந்துடும்.

— விழட்டும்.

— அடே செல்சோ, டிரைவர் உள்ளேயே வந்துட்டான். பூசைக்கு மணி அடிக்கப் போறாங்களாம். இப்போ என்னதான் பண்றது? அவன் உள்ளே வர மாட்டான். பெட்டியை மூடினா அப்புறம் ஜன்னல்ல நின்னு என்னத்தைப் பார்ப்பான்? ஒரு சாண் இடுக்கு வழியாப் பார்த்ததோட சரியா? நீ எடுக்கற படத்துல அவன் இடம் காலியாவே இருக்கணுமா? அம்மா, ஏதாவது சொல்லுங்க. ஆகட்டும்னு மட்டும் சொல்லாதீங்க, சொல்லிட்டேன்!

— செல்சோ, தெருவுல எடுத்தா இந்தக் கண்ணு, விளக்கு, இதெல்லாம் வேணுமா?

— தெருவுலயா? நல்ல வெயில் அடிக்குது அம்மா. ஒண்ணுமே வேண்டாம். பேக்கரிப் பந்தல் நிழல்ல வெச்சா கண்ணாடிகூட மின்னாது. ஆனா...

— அத்தை அங்கே இருந்து கையை ஆட்டறாங்க பாருங்க. பெட்டி வாசல் தாண்டிட்டா கோயில் வரைக்கும் நிக்கவே கூடாதாம், நின்னா வீட்டுக்கு ஆகாதாம்.

— பேண்டு செட்காரன் மூச்சு வாங்க நிக்க மாட்டானா? அப்போ நாமும் நிப்போம். செப்பாவை விசிறிவிட்டு உட்கார வை. டோமாஸைக் கூப்பிடு, நாலு ஆளைக் கூப்பிடு. என் நாற்காலியைப் பேக்கரி வாசல்ல கொண்டு போய்ப் போடு அதேலா. பக்கத்துல ஒரு ஆள் நிக்க இடம் விட்டுப் போடு.

— அம்மா...

— என்னடி பார்க்கறே? வாசல்படி தாண்டி உள்ளே வர மாட்டேன்னு அவன்தான் சத்தியம் பண்ணினான். வெளியே வர மாட்டேன்னு உங்கப்பா யார்கிட்டயும் சத்தியம் பண்ணலையே. மூடியைத் திறந்தே வெச்சுத் தூக்குங்க.